பட்டியலையாவது வெளியிடுங்கள்: சென்னைத் தொலைக்காட்சி நிலையத்துக்கு ஒரு பழைய நேயரின் திறந்த மடல்

சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தாருக்கும், டில்லியில் தூர்தர்ஷன் ஆவணக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரசார் பாரதி அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய உங்கள் நிலையத்துக்கு 2025 ஆகஸ்டில் 50 வயது நிறைந்துவிட்டது. இந்த ஐம்பது வருடத்தில் நீங்கள் எடுத்த தமிழ் நிகழ்ச்சிகளில் எவை இன்னும் டேப்பில் இருக்கின்றன, எவை போய்விட்டன என்று ஒரு பட்டியல், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கிற மாதிரி, எங்களுக்கு வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை. நிகழ்ச்சிகளை இணையத்தில் ஏற்றுவது, உரிமை யாருடையது என்று பார்ப்பது, அதற்கெல்லாம் பணம் ஒதுக்குவது, இவை எல்லாம் அப்புறம். முதலில் பட்டியல்.

நான் ஆராய்ச்சியாளன் இல்லை. செங்கல்பட்டில் வளர்ந்த, உங்கள் ஒளிபரப்பைப் பார்த்தே பெரியவனான லட்சக்கணக்கான பிள்ளைகளில் ஒருவன். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது ஒரு வக்கீல் வீட்டில் மட்டும்தான். மரக் கதவு போட்ட சாலிடேர் பெட்டி. அந்தக் கதவை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்து, ஸ்டெபிலைசரைப் போட்டு, அது ‘டக்’ என்று சத்தம் கொடுத்த பிறகும் படம் வரக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கூடம் நிறைந்துவிடும். வக்கீல் மாமி யாரையும் போ என்று சொன்னதில்லை. செருப்பை வரிசையாக விடச் சொல்வார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை என்றால் எங்களுக்கு இரட்டைச் சந்தோஷம். காலையில் தினமலரோடு சிறுவர் மலர் வரும், படக்கதை நாயகன் பலமுக மன்னன் ஜோ போன வாரம் எங்கே மாட்டிக்கொண்டான் என்று ஞாபகம் வைத்திருந்து ஓடிப்போய் எடுப்போம். சாயங்காலம் ஒளியும் ஒலியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்தைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒளியும் ஒலியும் நிகழ்ச்சியைத் திருப்பிக் கொடுங்கள் என்றுகூட நான் கேட்கப்போவதில்லை. அந்தப் பாட்டுகள் எல்லாம் சினிமாக் கம்பெனிகளுக்கும் இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கும் சொந்தம், யூடியூபிலும் கிடைக்கின்றன. எனக்கு வேண்டியது பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் வந்த அந்த அறிவிப்பாளர். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, தலையில் பூ வைத்துக்கொண்டு, கையில் தாள் இருந்தாலும் அதைப் பார்க்காமல், அடுத்து என்ன நிகழ்ச்சி என்று நிதானமாகச் சொன்ன அந்தப் பெண்மணி. அந்தத் தமிழ் உச்சரிப்பைக் கேட்டுத்தான் எங்கள் வகுப்பில் பலர் ழகரம் சொல்லப் பழகினோம். சினிமாவில் இல்லாத, மேடைப் பேச்சிலும் இல்லாத ஒரு தமிழ் அது. வீட்டுக்கு வந்த மரியாதையான விருந்தாளி பேசுகிற தமிழ். அது எந்த இசைத்தட்டுக் கம்பெனியிடமும் இருக்காது. இருந்தால் உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

இந்த மடலில் நான் திரும்பத் திரும்பச் சொல்ல வருவதே இதுதான். பெரிய வித்வான்களின் கச்சேரிகளைக் காப்பாற்றி வைத்தீர்கள், டிவிடியாகப் போட்டீர்கள், இணையத்திலும் ஏற்றியிருக்கிறீர்கள். அதற்கு மனதார நன்றி, நானும் கேட்கிறேன். ஆனால் எங்கள் குழந்தைப் பருவம் கச்சேரியில் இல்லை. குழந்தைகளுக்கான கண்மணிப் பூங்காவில், வயலும் வாழ்வும் நிகழ்ச்சியில், எதிரொலியில், செவ்வாய்க்கிழமை நாடகத்தில், ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டையில் இருந்தது. யாரும் ‘இது முக்கியம், எடுத்து வை’ என்று சொல்லியிருக்க மாட்டாத நிகழ்ச்சிகள். அதனாலேயே அவற்றைப் பற்றித்தான் எனக்குப் பயம்.

வயலும் வாழ்வும் வந்தால் அப்போது நாங்கள் எழுந்து விளையாடப் போய்விடுவோம். இப்போது யோசித்துப் பாருங்கள். எண்பதுகளில் தஞ்சாவூரிலும் தர்மபுரியிலும் ஒரு விவசாயி தன் வயலில் நின்றுகொண்டு, என்ன ரகம் போட்டேன், என்ன உரம் வைத்தேன், எத்தனை மூட்டை கண்டது என்று தன் பேச்சுவழக்கிலேயே கேமராவுக்கு முன்னால் சொன்னது எத்தனை பெரிய ஆவணம்! பாரம்பரிய நெல்லைத் தேடி ஊர் ஊராக அலைகிற இளைஞர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த ஊரில் எந்த விதை எப்போது காணாமல் போனது என்று அவர்கள் கிழவர்களின் நினைவை வைத்துத் தடவித் தடவிக் கண்டுபிடிக்கிறார்கள். பின்னணியில் தெரியும் வரப்பு, மாடு கட்டி நீர் இறைக்கும் கவலை, மாட்டின் இனம், பெண்கள் களை எடுக்கும்போது பேசிக்கொள்ளும் சொல், எல்லாம் அந்தப் படத்தில் இருந்திருக்கும். வேளாண் பல்கலைக்கழகம் ஒன்று உட்கார்ந்து பார்க்க வேண்டிய சரக்கு அது.

எதிரொலியை எடுத்துக்கொள்ளுங்கள். நேயர்கள் எழுதிய கடிதங்களைப் படித்துக் காட்டி, நிலைய இயக்குநரே உட்கார்ந்து பதில் சொல்வார். படம் ஏன் பாதியில் நின்றது, எங்கள் ஊருக்கு ஏன் சரியாகத் தெரியவில்லை, நாடகத்தில் ஏன் இப்படி ஒரு வசனம் வந்தது என்று மக்கள் திட்டி எழுதியதையும் விடாமல் படித்தார்கள். ஒரு அரசு அலுவலகம் தன்மேல் வந்த புகாரைத் தானே ஊர் முன்னால் வாசித்துப் பதில் சொன்னது என்பதை இன்று என் மகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறாள். காட்ட என்னிடம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் பெரியப்பா மாதம் தவறாமல் போஸ்ட் கார்டு எழுதுவார். சுவாமி சிவானந்தா சாலை, சென்னை 5 என்ற உங்கள் முகவரி அப்படித்தான் எங்களுக்கு மனப்பாடம் ஆனது. அவர் பெயர் ஒரே ஒரு முறை வாசிக்கப்பட்டது. அந்த வாரம் முழுக்கத் தெருவில் அவர் நடந்த நடையே வேறு. அவர் இப்போது இல்லை. அந்தச் சில நொடிகள் எங்காவது ஒரு டேப்பில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இருக்கிறது, அதை ஒளித்துப் பேச விரும்பவில்லை.

காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்பையும் நான் மறக்கவில்லை. ஒரு புகைப்படம் திரையில் அசையாமல் நிற்கும். பெயர், வயது, உயரம், மாநிறம், கடைசியாக உடுத்தியிருந்த சட்டையின் நிறம், பேசும் மொழி. அதுவரை கதை பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அந்த முகத்தைக் கூர்ந்து பார்ப்பார்கள். வக்கீல் மாமி, “யார் பெத்த பிள்ளையோ” என்று சொல்லாத நாள் கிடையாது. யாரோ ஒரு ஊரில் யாரோ ஒருவரின் பிள்ளைக்காக ஒரு மாநிலமே சில விநாடி கவலைப்பட்டது. அடுத்தவர் வீட்டுத் துக்கத்தை மரியாதையோடு பார்க்க நாங்கள் கற்றுக்கொண்டது பள்ளியில் இல்லை, உங்கள் ஒளிபரப்பில்தான்.

பள்ளி என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. என் சொந்த விஷயம்தான், ஆனால் தமிழ்நாட்டில் எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்கு இதே மாதிரி ஒரு கதை இருக்கும்.

1982, பாரதி நூற்றாண்டு. எங்கள் தமிழ் டீச்சர் பாரதியார் வாழ்க்கையை வில்லுப்பாட்டாக எழுதி, எங்கள் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தார். பள்ளி ஆண்டு விழாவில் நன்றாக அமைந்துவிட, யாரோ எழுதிப்போட்டு, உங்கள் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. வில்லுக்கு வண்ணக் காகிதம் ஒட்டி, மணிகளைத் துடைத்து, குடத்தைப் புடவைத் துணியில் சுற்றி டீச்சரே மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வருவதற்கு முன்னால் ஒரு தகவல் சொல்லி அனுப்பியிருந்தீர்கள்: வெள்ளைச் சட்டை வேண்டாம், கேமராவில் கண்ணைப் பறிக்கும், பொடிக் கட்டமும் வேண்டாம். எங்கள் சீருடையே வெள்ளைச் சட்டைதான். பாதிப் பேரிடம் வேறு நல்ல சட்டை கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் டீச்சர் தெருத் தெருவாகப் போய், தெரிந்த வீடுகளில் கேட்டு, அளவு பார்த்து, ஒவ்வொருவனுக்கும் ஒரு கலர்ச் சட்டை வாங்கி வந்தார். எனக்குக் கிடைத்தது நீல நிறம், தோள் கொஞ்சம் தொங்கியது, உள்பக்கம் மடித்து ஊசி நூலால் அவரே பிடித்துக் கொடுத்தார். ஸ்டுடியோவில் அந்தக் குளிரும், தலைக்கு மேல் விளக்குகளின் சூடும், காலுக்கடியில் பாம்பு மாதிரி ஓடிய கேபிள்களும் இன்றும் உடம்பில் இருக்கின்றன. டீச்சர் வீசுகோலை ஓங்கி வில்லைத் தட்டியதும் பயம் போய்விட்டது. நாங்கள் ‘ஆமா’ போட ஆரம்பித்தோம்.

ஒளிபரப்பான அன்று வக்கீல் வீட்டுக் கூடம் போதாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜனம் நின்றது. முடிந்ததும் டீச்சரைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, “குடத்துச் சத்தம் கொஞ்சம் தூக்கலாப் போச்சு” என்றார்.

டீச்சர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த ஒரு மனுஷியின் குரல், அவர் பாடிய பாட்டு, உலகத்தில் எங்கேயாவது பதிவாகி இருக்குமென்றால் அது உங்கள் கட்டடத்தில் மட்டும்தான். வேறு எங்கும் இல்லை. அப்போது எங்களில் யாரிடமும் டேப் ரெக்கார்டர்கூட இல்லை. கண்மணிப் பூங்காவிலும் பள்ளி நிகழ்ச்சிகளிலும் வந்து ஆடிப் பாடி, மாறுவேடம் போட்டு, திக்கித் திக்கித் திருக்குறள் சொல்லிவிட்டுப் போன பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களைத் தயார் செய்து கூட்டி வந்த ஆசிரியர்கள் எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. பேரன் பேத்திக்குக் காட்ட ஒரு துண்டுப் படம் கேட்டால் அது பேராசையா?

தொலைக்காட்சி வந்ததும் பிள்ளைகள் படிப்பதை விட்டுவிட்டார்கள் என்று அந்தக் காலத்திலேயே சொல்வார்கள். எங்கள் அனுபவம் அதற்கு நேர்மாறு. தமிழ் நிகழ்ச்சி சாயங்காலம் கொஞ்ச நேரம்தான், எட்டரை மணி வாக்கில் டில்லிக்குப் போய்விடும், இந்தி புரியாமல் நாங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். மிச்ச நேரம் முழுக்கப் புத்தகம். கிளை நூலகத்தில் அம்புலிமாமா இதழ்களைச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருந்தார்கள். தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் வாளோடு திரும்பிப் பார்க்கும் விக்கிரமனை ஓவியர் சங்கர் வரைந்திருப்பார், ஒவ்வொரு இதழிலும் அதே படம், ஒவ்வொரு முறையும் பார்ப்போம். பிறகு 1985 வாக்கில் ராமானந்த் சாகர் எடுத்த விக்கிரமாதித்தன் வேதாளம் தொடர் இந்தியில் வந்தபோது எங்களுக்கு மொழி ஒரு தடையாகவே இல்லை. வேதாளம் என்ன கேட்கும், ராஜா என்ன சொல்வான், எல்லாம் அம்புலிமாமாவில் படித்தாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகளுக்கு நாங்கள்தான் மொழிபெயர்ப்பு. 1987 ஜனவரியில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ராமாயணம் வந்தபோது அந்த வேலையைப் பாட்டிகள் எடுத்துக்கொண்டார்கள்.

கோகுலம், பூந்தளிர், சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மலிவு விலைக்கு வந்த கெட்டி அட்டைக் குழந்தைப் புத்தகங்கள். அந்த ருஷ்யப் புத்தகங்களின் மணம் தனி, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பனியும் கரடியும். பூந்தளிர் படக்கதைகளில் கபீஷும் வேட்டைக்கார வேம்பும். கை மாறிக் கை மாறி அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் இல்லாமல்தான் பல கதைகளை நான் படித்தேன். முடிவு என்ன என்று வகுப்பில் ஆளுக்கு ஒன்று சொல்வோம்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், அந்தக் காலத்துச் சிறுவர் இலக்கியத்தை உண்டாக்கியவர்களில் சிலர் நீங்கள் ஒளிபரப்பு நடத்திக்கொண்டிருந்த அதே சென்னையில்தான் வாழ்ந்தார்கள். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1989இல் மறைந்தார். அதாவது உங்கள் நிலையம் தொடங்கிப் பதின்மூன்று வருடத்துக்கு மேல் அவர் இருந்தார். சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமா 2014 வரை இருந்தார். ஏறக்குறைய அறுபது ஆண்டு அம்புலிமாமாவுக்கு வரைந்த சங்கர் 2020இல்தான் போனார். இவர்களை உங்கள் நிலையத்தில் எப்போது பேட்டி கண்டீர்கள், அந்தப் பேட்டிகளில் எது மிஞ்சியிருக்கிறது? வள்ளியப்பா தன் குழந்தைப் பாட்டைத் தானே சொல்லிக் காட்டுகிற ஒரு நிமிடப் படம் இருந்தால்கூட அது தமிழ்நாட்டின் ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக்கும் போக வேண்டிய சொத்து. பட்டியல் இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் ஒரு தேடலில் கிடைத்துவிடும்.

புத்தகப் பக்கம் இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்களும் நூல்களும் ஏறியிருக்கின்றன. ரோஜா முத்தையா நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்து வைத்ததிலிருந்து வளர்ந்தது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ‘நூலகம்’ என்ற திட்டம் தன்னார்வலர்களை வைத்தே ஏற்றி வருகிறது. காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியைப் பழைய வாசகர்கள் கேட்டுக் கேட்டு மறுபதிப்பாகவே வாங்கிவிட்டார்கள். ஏனென்றால் புத்தகம் ஆயிரக்கணக்கில் அச்சாகிறது, எங்காவது ஒரு பரணில் ஒன்று தப்பிவிடும். தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு டேப்தான். அது போனால் போனதுதான்.

டேப் எவ்வளவு விலை உயர்ந்த சாமான் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் உலகம் பூராவும் ஒளிபரப்பு முடிந்ததும் பழையதை அழித்துவிட்டு அதன்மேலேயே அடுத்ததைப் பதிவு செய்வது வழக்கம். பல நிகழ்ச்சிகள் நேரலையாகவே போய்விட்டன, பதிவே கிடையாது. அதற்காக யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. கவலை இப்போது மிச்சம் இருப்பதைப் பற்றி. முக்கால் அங்குல யுமேட்டிக் டேப்பும், பின்னால் வந்த பீட்டாகேமும் காந்தத் துகளைப் பசை போட்டு ஒட்டிய பிளாஸ்டிக் நாடாதானே. ஈரக்காற்றில் அந்தப் பசை நீரை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும், ஓட்டினால் துகள் உரிந்து இயந்திரத்தின் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், ஒரு முறை ஓட்டுவதே கடைசி முறையாகிவிடலாம். உங்கள் கட்டடம் இருப்பதோ கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில். டேப்பைக் காப்பாற்றினாலும் ஓட்ட இயந்திரம் வேண்டும். அவற்றைச் செய்த கம்பெனிகள் தயாரிப்பை நிறுத்திப் பல வருடம் ஆகிறது, உதிரி பாகமும் இல்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். 2019இலேயே யுனெஸ்கோ உலகம் முழுக்க எச்சரிக்கை விடுத்தது: காந்த நாடாக்களில் இருப்பதை 2025க்குள் மாற்றாவிட்டால் பிறகு மாற்ற முடியாமலே போகலாம் என்று. அந்த வருடமும் வந்துவிட்டுப் போய்விட்டது.

சட்டம் தடுக்கிறது என்று சொல்வீர்களோ என்றும் யோசித்தேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இப்படிப்பட்ட பதிவுகளுக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை. 1975இல் நீங்கள் ஒளிபரப்பியது 2035 முடிந்த பிறகுதான் பொதுச் சொத்தாகும். அதுவரை எந்த டேப்பும் காத்திருக்காது. ஆனால் உங்கள் சொந்தத் தயாரிப்புக்கு உரிமையாளர் நீங்களே, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நாடக ஆசிரியருக்கோ இசைக் கலைஞருக்கோ பங்கு இருக்கும் இடத்தில் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். பட்டியல் போடுவதற்கு இந்தச் சிக்கல்கூடக் கிடையாது. தலைப்பையும் தேதியையும் எழுதி வெளியிட யார் கையெழுத்தும் தேவையில்லை.

பிரசார் பாரதியால் முடியாத காரியம் இல்லை இது. 2020இல் ஊரடங்கு வந்தபோது நாட்கணக்கில் முடிவெடுத்து ராமாயணத்தை மறுபடி ஒளிபரப்பினீர்கள், நாடே உட்கார்ந்து பார்த்தது. பழைய தொடர்களுக்கென்றே டிடி ரெட்ரோ என்று ஒரு சேனலைத் தொடங்கினீர்கள். 2024 நவம்பரில் வேவ்ஸ் என்ற ஓடிடி தளமும் வந்தது. எல்லாம் நல்லது. ஆனால் அங்கே முதலில் ஞாபகத்துக்கு வருவது டில்லியும் மும்பையும் எடுத்த இந்தித் தொடர்கள்தான். சென்னை எடுத்தது எங்கே? கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வழியாகத் தென்மாவட்டம் பார்த்தது எங்கே? உங்கள் ஒளிபரப்பு எட்டாத காலத்தில் தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்துப் பிள்ளைகள் 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பார்த்து வளர்ந்தார்கள். அவர்களோடு பேசும்போது எங்களுக்கு என்று ஒரு பொது நினைவு கிடைப்பதே பிற்பாடு வந்த உங்கள் நிகழ்ச்சிகளால்தான். நிலையத்தின் பெயர் பொதிகை ஆகி, 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆகி, வண்ணமும் வடிவமும் புதிதாகிவிட்டன. புதிதாவது நல்லதுதான். பழைய கணக்கையும் கையோடு எடுத்து வர வேண்டும் என்கிறேன்.

பட்டியலில் என்னென்ன வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பான தேதி, எந்த வகை டேப், ஓட்டிப் பார்த்தீர்களா இல்லையா. முடிந்தால் பங்கேற்றவர்கள், பள்ளி நிகழ்ச்சி என்றால் பள்ளியின் பெயரும் ஊரும். டேப் இல்லாவிட்டாலும் ஒளிபரப்புப் பதிவேட்டில் பெயர் இருந்தால் அதையும் சேருங்கள், ‘டேப் இல்லை’ என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். இல்லை என்று தெரிவதும் எங்களுக்கு ஒரு பதில்தான். அட்டையில் எழுத்து அழிந்துபோய் இது என்ன நிகழ்ச்சி என்று உங்களுக்கே தெரியாத டேப்புகள் நிச்சயம் இருக்கும். அவற்றிலிருந்து ஒரு சின்னத் துண்டைப் போடுங்கள், யார், எந்த வருடம், எந்த நாடகம் என்று தமிழ்நாட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் ஆட்கள் ஒரே ராத்திரியில் சொல்லிவிடுவார்கள். அதற்கு முன் இன்னொன்று, இதை ஒத்திப்போடவே கூடாது: உங்கள் நிலையத்தில் ஆரம்ப காலத்தில் வேலை பார்த்த தயாரிப்பாளர்கள், கேமராக்காரர்கள், ஒப்பனைக்காரர்கள், அறிவிப்பாளர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்துப் பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். எந்த அலமாரியில் எது இருந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

உங்களிடம் அழிந்தது எங்களிடம் இருக்கவும் வாய்ப்பு உண்டு. இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் தானே அழித்துவிட்ட அறுபதுகளின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் ஒன்பது பகுதிகள் நைஜீரியாவில் ஒரு ஒளிபரப்பு நிலையத்தில் கிடைத்ததாக 2013இல் அறிவித்தார்கள். நம் ஊரில் வளைகுடாவுக்குப் போன மாமாக்களும் சித்தப்பாக்களும் எண்பதுகளின் கடைசியில் வி.சி.ஆர். கொண்டுவந்தார்கள், வீட்டில் பதிவு செய்தார்கள். கல்யாண கேசட்டுக்குப் பின்னால் மிச்சம் இருந்த நாடாவில் எத்தனை செவ்வாய்க்கிழமை நாடகம் பதிவாகி இருக்கும் என்று யார் கண்டது! மாவட்டத்துக்கு ஒரு நாள் வைத்து, கேசட் இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம் என்று ஒரே ஒரு முறை டிடி தமிழில் அறிவித்துப் பாருங்கள்.

நீங்கள் அறிவிக்கும் முன்பே நான் தயார். எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி நிறைய வி.எச்.எஸ். கேசட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் பாதி நாடகமும் அதன் முன்னால் ஒரு அறிவிப்பாளரும் இருப்பது எனக்குத் தெரியும், மற்றவற்றை ஓட்டிப் பார்க்கவில்லை, ஓட்டினால் உரிந்துவிடுமோ என்று பயம். சுவாமி சிவானந்தா சாலைக்கு வழி தெரியும். எந்த நாள், எந்த அறை, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
செங்கல்பட்டிலிருந்து உங்கள் நேயர் ஒருவர்